சபையில் மறுபடியும் உதவி கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சி.எஸ்.ஐ. சபை. என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியால் இரண்டு கிட்னியும் போய், 2 வருஷமாக வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஆரம்பத்தில் சபையார் எல்லோரும் வந்து ஜெபித்தார்கள், காணிக்கை எடுத்துக் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் 2 நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது யாரும் வருவதில்லை. வந்த ஒரு அக்காவும், வீட்டில் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னொருவர், விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திப் பாருங்கள் என்கிறார். எனக்கு ஜெபிக்க வாயே வரமாட்டேன் என்கிறது. சில ராத்திரி, இதெல்லாம் முடிந்துபோனால் தேவலை என்று தோன்றுகிறது, அப்புறம் அப்படி நினைத்துவிட்டோமே என்று அழுகிறேன். என் விசுவாசம் போய்விட்டதா? சபையில் மறுபடியும் உதவி கேட்பது சரியா?

பதில்:

அன்பு சகோதரிக்கு,

கேளுங்கள். கேட்டே ஆக வேண்டும். யாரிடம், எதை, எப்படிக் கேட்பது என்று கீழே விரிவாக எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் தள்ளிப்போட முடியாத இரண்டு விஷயம் இருக்கிறது.

டயாலிசிஸை ஒரு தடவைகூட விட வேண்டாம். யார் சொன்னாலும் சரி, எவ்வளவு பெரிய ஊழியக்காரர் சொன்னாலும் சரி. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு டயாலிசிஸ் நின்றால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், இதயம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகலாம். விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கிற இடம் இது இல்லை. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது 15 வருஷம் கூட்டிக் கொடுப்பேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைச் சொன்ன அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தம் வந்த பிறகும் மருந்து போட்டார்கள், அதை அவிசுவாசம் என்று வேதத்தில் யாரும் சொல்லவில்லை. அந்தச் சகோதரர் திரும்ப வந்து இதைப் பேசினால், டாக்டர் சொன்னால்தான் நிறுத்துவோம் என்ற ஒரே வாக்கியத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

இரண்டாவது, அந்த ராத்திரி நினைப்பு. டயாலிசிஸ் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிற நான், நீண்ட வியாதியைச் சுமக்கிற மனைவிமார், தாய்மார் வாயிலிருந்து இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், என்னால் இனி முடியவில்லை, கொஞ்சம் தூங்க வேண்டும் என்பதுதான். அவர் சாக வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படவில்லை, பாரம் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் உங்களையே உண்மையாகக் கேட்டுப் பாருங்கள்: முடிந்துபோனால் தேவலை என்பது, நானே முடித்துக்கொண்டால் தேவலை என்று என்றைக்காவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால், கொஞ்சமாக மாறியிருந்தாலும், இன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். அடுத்த டயாலிசிஸ் நாளில் அங்கே இருக்கிற நர்ஸிடமோ டாக்டரிடமோ, எனக்கே முடியவில்லை என்று சொல்லுங்கள். நோயாளியைத்தான் பார்ப்பார்கள், கூட வந்தவளைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டார். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய மனிதர் அவர், அது நடந்து அதிக நாள்கூட ஆகவில்லை. தேவதூதன் வந்து அவருக்கு என்ன சொன்னான் என்று பாருங்கள். விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, பாவத்தை அறிக்கையிடு என்றும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் தடவை எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். உங்கள் பிரயாணமும் வெகுதூரம். வாரம் 3 நாள் விடிவதற்கு முன்னால் எழுந்து பஸ் பிடித்து, 4 மணி நேரம் மெஷின் ஓடி முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்து, தளர்ந்துபோன மனிதரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு உலை வைக்கிற ஒருத்திக்கு ஜெபத்தில் வார்த்தை வராததில் என்ன அதிசயம்? தூக்கம் இல்லாத உடம்பில் ஜெபம் ஓடாது, அவ்வளவுதான். ஓரிரு வரி போதும். வராத நாளில், வேறு யாராவது உங்களுக்காக ஜெபிக்கட்டும், அதற்குத்தானே சபை இருக்கிறது?

பாவம் என்று சொன்ன அந்த அக்காவுக்கு நான் அதிக இடம் கொடுக்க விரும்பவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்களே கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு நேராகவே பதில் சொல்லிவிட்டார். சிறுநீரகம் செயலிழக்க மிகப் பெரிய காரணங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். அது உங்கள் வீட்டுக்கு வந்த மாதிரி அந்த அக்கா வீட்டுக்கும் வரலாம், வராமல் இருக்கட்டும். யோபுவின் சிநேகிதர்கள் முதல் 7 நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

சபையார் ஏன் வருவதை நிறுத்தினார்கள்? எனக்குத் தெரிந்த வரையில் வெறுப்பினால் இல்லை. நம் சபைகளுக்குச் சாவு வீட்டில் எப்படி நிற்பது என்று தெரியும், ஆபரேஷன் என்றால் எப்படி ஓடிவருவது என்று தெரியும். முடிவு தெரியாத வியாதியோடு எப்படி நடப்பது என்று யாரும் பழக்கவில்லை. முதல் மாதம் ஜெபித்தாயிற்று, காணிக்கை கொடுத்தாயிற்று, இனி போய் என்ன பேசுவது என்ற கூச்சம் வருகிறது. கூச்சம் ஒரு மாதம் நீண்டால் குற்ற உணர்ச்சியாகிறது. அப்புறம் உங்களைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார்கள். நல்ல சமாரியன் கதையில் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது மறுநாள் காலை. அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, அதிகமாகச் செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அவனுக்கு வேலை இருந்தது, போனான், ஆனால் பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். உங்கள் சபையில் விட்டுப்போனது இந்தப் பகுதி மட்டும்தான்.

மறுபடியும் கேட்டால் முறுமுறுக்கிறாள் என்பார்களோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுவதிலும் தெரிகிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் சாப்பாடு பகிர்ந்து கொடுப்பதில், எங்கள் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று கிரேக்கு மொழி பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை, இன்னும் பொறுமையாயிருங்கள் என்று புத்தி சொல்லவும் இல்லை, சபையைக் கூட்டி 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த 7 பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். விட்டுப்போனவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்த முறுமுறுப்பு வந்ததால்தான் சபைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. உங்கள் வாயிலிருந்து அது வந்தாலும் நல்லதே.

இப்போது எப்படிக் கேட்பது. "எங்களுக்கு உதவுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கேட்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, பர்ஸைத் திறந்து 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். ஒரு தாளில், ஒவ்வொரு வேலையையும் நாளோடும் நேரத்தோடும் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குக் கூடப்போக ஒரு ஆள். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் அவரோடு வீட்டில் உட்கார ஒருவர், அப்போதுதான் நீங்கள் கோயிலுக்குப் போகலாம், அல்லது போகாமல் 2 மணி நேரம் தூங்கலாம், அதுவும் தப்பில்லை. மகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க வாரத்தில் 2 சாயங்காலம். நம் பக்கத்துச் சபைகளில் ரிட்டயர் ஆன வாத்தியாரோ டீச்சரோ இல்லாத சபை எது? சிலர் பணம்தான் கொடுக்க முடியும் என்றால், ஒரே தடவையாக 5,000 கொடுப்பதைவிட மாதாமாதம் 300 என்று ஒரு வருஷம் கொடுக்கச் சொல்லுங்கள், மருந்துச் செலவுக்கு அதுதான் கைகொடுக்கும்.

இந்தத் தாளைக் கமிட்டியிடம் நேராகக் கொண்டுபோக வேண்டாம். முதலில் ஒருவரைப் பிடியுங்கள்: பெண்கள் ஐக்கியத்தில் வாயாடாத, சொன்னதைச் செய்கிற ஒரு அக்கா எல்லாச் சபையிலும் இருப்பார், உங்களுக்கு அவர் யாரென்று இப்போதே தெரிந்திருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டு குருவானவரைப் பாருங்கள். அந்த அக்காவே இனி உங்கள் வீட்டுப் பொறுப்பாக இருக்கட்டும், யாருக்கு எந்த நாள் என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும், ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நினைவுபடுத்துகிற வேலை உங்கள் தலையில் விழக்கூடாது. அசன பண்டிகை வந்தால் அரிசி யார், ஆடு யார், விறகு யார், பந்தி பரிமாற யார் என்று நோட்டுப் போட்டு எழுதி ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிற ஜனங்கள் நாம். அந்த நோட்டில் ஒரு பக்கம் உங்கள் வீட்டுக்கு ஒதுக்க முடியாதா என்ன?

போட்டோ விஷயத்தைக் குருவானவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்று கர்த்தர் சொன்னதை அவருக்கு நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது, மகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததை மட்டும் சொன்னால் போதும். கணக்கு காட்ட வேண்டும் என்றால் ரசீதில் கையெழுத்துப் போடுகிறோம், படம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மகளிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பிள்ளையின் கோபம் நியாயமானது, அதை அடக்காதீர்கள்.

சாப்பாடு கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை அந்த அக்கா மூலமாகவே சொல்லிவிடுங்கள், உங்களுக்குச் சங்கடம் இருக்காது. வியாதிக்காரரைப் பார்க்கப் போனால் இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி என்று வாங்கிப்போவது நம் வழக்கம். டயாலிசிஸில் இருப்பவருக்கு இவை எல்லாமே பொட்டாசியம், ஒரு இளநீர்கூட ஆபத்தாக முடியலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் உப்பு. உப்பு தின்றால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடித்தால் அடுத்த டயாலிசிஸுக்குள் உடம்பு வீங்கும். பொட்டாசியம் குறைய, காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு கொண்டுவந்தால் நல்லது, ஏனென்றால் டயாலிசிஸில் புரதம் வெளியேறுகிறது, சாப்பாட்டில் அது கூடுதலாகத் தேவை. பத்தியம் என்று கஞ்சியாகவே கொடுத்து ஆளை மெலிய வைக்கிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கிறவர்கள் சரியான பிறகு வரட்டும். பிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்திருக்கிற கையில், யாரும் பிரஷர் பார்க்கவோ, அவர் அந்தக் கையால் கனமாகத் தூக்கவோ கூடாது.

அரசு கொடுப்பதையும் விடாமல் வாங்க வேண்டும், அது பிச்சை இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை, டயாலிசிஸும் அதில் வருகிறது. கார்டு இல்லையென்றால் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அலைய முடியாவிட்டால் இதையே வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒருவனிடம் ஒப்படையுங்கள், ஜெபக்கூட்டத்தில் கித்தார் வாசிக்கிற பையன் ஒருநாள் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றால் அதுவும் ஊழியம்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் 3 நாள் போய்வருவது பெரிய பாடாக இருந்தால், வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்கிற டயாலிசிஸ் உங்கள் கணவருக்குச் சரிவருமா என்று சிறுநீரக டாக்டரிடம் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். சுத்தமான ஒரு அறையும், தினமும் பல தடவை கவனமாகச் செய்கிற பொறுமையும் வேண்டும், எல்லோருக்கும் ஒத்துவராது. மாற்று சிறுநீரகத்துக்குப் பெயர் பதிவு செய்திருக்கிறதா என்றும் அதோடு கேட்டுவிடுங்கள். பணம் கொடுத்தால் கிட்னி ஏற்பாடு செய்கிறேன் என்றோ, உங்கள் கிட்னிக்குப் பணம் தருகிறேன் என்றோ எவனாவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், அது சட்டப்படி குற்றம்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. வண்டி ஓட்டிக் குடும்பத்தை நடத்திய மனிதர் இப்போது எதற்கெடுத்தாலும் உங்களை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறார், அவருக்குள்ளும் என்னென்னவோ ஓடும். டயாலிசிஸ் இல்லாத நாளில் உட்கார்ந்தபடி செய்கிற ஏதாவது ஒரு வேலை அவர் கையில் இருக்கட்டும், சபைச் சந்தாக் கணக்கு எழுதுவதானாலும் சரி. வாங்கிக்கொண்டே இருப்பது ஒரு ஆண்மகனைச் சுருக்கிவிடும்.

வாங்குவது உங்களையும் சுருக்குகிறது என்று தெரிகிறது. களக்காட்டுக்குப் பக்கத்திலிருக்கிற டோனாவூர் உங்களுக்குத் தெரிந்த ஊராகவே இருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். அதற்கு முன்னால் கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் எடுத்து வளர்த்து, எல்லோரையும் தூக்கிச் சுமந்தவர். அந்த 20 வருஷமும் மற்றவர்கள் அவரைச் சுமந்தார்கள், அவர் சுமக்கவிட்டார், அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டும் இருந்தார். அவரைவிட நாம் பெரியவர்கள் இல்லையே, சகோதரி. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதில் சுமக்கிறவர் மட்டும் இருந்தால் வசனம் எப்படி நிறைவேறும்? பாரத்தைக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும்.

இதை வாசிக்கிற மற்ற சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையில் இப்படி ஒரு வீடு இல்லாமல் இருக்காது. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், வேண்டியதைச் சொல்லக்கூட அவர்களுக்குத் தெம்பு இருக்காது. வியாழக்கிழமை நான் கூடப்போகிறேன் என்று சொல்லுங்கள். அப்புறம் அந்த வியாழக்கிழமை போங்கள், அடுத்த வியாழக்கிழமையும் போங்கள்.

எல்லாம் செய்தும் உங்கள் சபையில் காரியம் நடக்கவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் ஆர்.சி. கோயில் இருந்தால் அங்கே புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தன் சிநேகிதர்களோடு ஆரம்பித்தது, ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சந்திப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. எந்தச் சபை, எந்த மதம் என்று பார்த்து உதவுகிறவர்கள் இல்லை, கூச்சப்படாமல் போங்கள். வழக்கமாக இரண்டு பேராக வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், ஆகையால் டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், அந்தத் தாளையும் ரேஷன் கார்டையும் ஆஸ்பத்திரி பைலையும் எடுத்து வைத்திருங்கள்.